கோலாட்டத்துக்கு எல்லாருக்கும் ஒரே டிக்கெட்டா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஊரே சேர்ந்து ஆடும் கும்மி, கோலாட்ட மாலைகளுக்குத் தலைக்கு 200 ரூபாய் என்று ஒரே டிக்கெட் போட்டால், நாலு பேர் உள்ள வீட்டுக்கு 800 ஆகிவிடுகிறது. தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்கு வருகிறவர்களுக்குப் பஸ் செலவு வேறு. கூலி வேலை பார்க்கும் அம்மா பிள்ளையை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு வாசலிலேயே நின்றுகொள்வார். விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்திருப்பவருக்கோ அந்த 200 ஒரு பொருட்டே இல்லை.

மூன்று கட்டண வீதம் வைத்து, எதைக் கொடுப்பது என்பதை வருகிறவரிடமே விட்டால் இது சரியாகும். முதலில் செலவை எழுத வேண்டும். மண்டப வாடகை 8,000, பாடுபவர், மிருதங்கக்காரர் சம்பாவனை 10,000, மைக் செட் 3,500, சுண்டலும் காபியும் 2,500 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 24,000. 120 பேர் வந்தால் தலைக்கு 200. அது நடு வீதம். கீழே 100, மேலே 350. 30 பேர் 100, 60 பேர் 200, 30 பேர் 350 கொடுத்தால் 25,500 சேர்கிறது. கையைக் கடிக்காது.

அந்த 120, நிச்சயம் வருவார்கள் என்று தெரிந்த எண்ணிக்கையாக இருக்க வேண்டும். மண்டபம் 200 பேர் கொள்ளும் என்று 200-ஆல் வகுத்தால், சாயங்காலம் ஒரு மழை அடித்ததும் சம்பாவனையில் கைவைக்கத் தோன்றும். அது கூடவே கூடாது. வசூல் எப்படிப் போனாலும் பேசிய தொகை கலைஞர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். மேல் வீதத்தை 500-க்குள் நிறுத்துங்கள். நடன நிகழ்ச்சிக்குத் தலைக்கு 500 வரை ஜிஎஸ்டி கிடையாது. கேளிக்கை வரி உண்டா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

‘விரும்பியதைப் போடுங்கள்’ என்று உண்டியலை மட்டும் வைத்தால் பலிக்காது. எவ்வளவு போடுவது என்று தெரியாமல் வசதி உள்ளவர் 50 போடுவார். இல்லாதவர் கூச்சப்பட்டு வராமலே இருந்துவிடுவார். ‘ஒருவருக்கு ஆகும் செலவு 200. முடியாதவர்களுக்கு 100. கூடக் கொடுக்க முடிந்தவர்களுக்கு 350’ என்று பலகையில் இந்த வரிசையிலேயே எழுத வேண்டும். 100-ஐ முதலில் எழுதினால் எல்லார் கண்ணும் அங்கேயே நின்றுவிடும்.

நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) கோயில் வரியில் கணவன் மனைவி சேர்ந்து ஒரு புள்ளி, அதாவது வரிக் கணக்கில் ஒரு பங்கு; ஒருவர் மறைந்தால் அரைப்புள்ளி. ஆளுக்குத் தக்க வீதம் என்பது இந்த மண்ணுக்குப் புதிது இல்லை. அங்கே வீதத்தை வழக்கம் சொல்கிறது. இங்கே வருகிறவரே சொல்லட்டும். ரேஷன் கார்டைக் காட்டச் சொல்லும் இடத்தில் 100 ரூபாய்க்கு யாரும் கை நீட்ட மாட்டார்கள்.

காரியம் கெடுவது பெரும்பாலும் வாசல் மேசையில்தான். ‘எந்த டிக்கெட்?’ என்று அங்கே இருப்பவர் உரக்கக் கேட்கக் கூடாது. மூன்று வீதத்துக்கும் ஒரே நிற டோக்கன். நாற்காலியில் முன் வரிசை, பின் வரிசை பேதம் வேண்டாம். மொய் நோட்டுப் பழக்கத்தில் பெயரையும் தொகையையும் எழுதவே வேண்டாம். கியூஆர் அட்டையோடு வரும் ஸ்பீக்கர் பெட்டி ‘நூறு ரூபாய் பெறப்பட்டது’ என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிடும். அதன் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, பணம் வந்ததைப் போனில் பார்த்துக்கொள்ளலாம். ரொக்கம் தருபவருக்கு மூடிய பெட்டி. பக்கத்திலேயே 100, 50 ரூபாய்ச் சில்லறை. 350-க்கு ஐந்நூறு நீட்டுபவரிடம் மீதி இல்லை என்றால், அடுத்த முறை அவர் 200 மட்டுமே எடுத்து வருவார்.

மறுநாளே வரவு செலவை மண்டப வாசலில் ஒட்டிவிட வேண்டும். பெயர் வேண்டாம், வீதவாரியாக எத்தனை பேர் என்பது போதும். 100 ரூபாய்க்கு வந்தவர்கள் நினைத்ததைவிடக் கூடியிருந்தால், அடுத்த தடவை மேல் வீதத்தை ஏற்றாமல் வாடகை குறைந்த இடமாகப் பாருங்கள். கோலாட்டத்துக்குக் கோயில் வெளிப்பிராகாரமோ பள்ளிக்கூட மைதானமோ தாராளமாகப் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி.