உதிரிபாகம் எத்தனை ஆண்டுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

மடக்கும் போன்களை இதுவரை யாரும் காணாத அதிசயமாக எழுதுகிறார்கள். செல்போன் பழுதுபார்க்கும் எனக்கு 2006-இல் எல்ஜி விற்ற சாக்லேட் என்ற ஸ்லைடர் போன்தான் நினைவுக்கு வருகிறது. அணைந்திருக்கும்போது முகப்பு வெறும் கறுப்பு. பொத்தான் எதுவும் கண்ணில் படாது. மேல்பாதியைத் தள்ளியதும் தொடு பொத்தான்கள் சிவப்பாக ஒளிரும். எண்கள் மட்டும் கீழ்ப்பாதியில், அழுத்தும் வகை. மூடினால் தொடு பொத்தான்கள் பூட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் சட்டைப்பையே யாரையாவது அழைத்துவிடுமே!

1.3 மெகாபிக்சல் கேமரா, 128 எம்பி நினைவகம், மெமரி கார்டுக்கு இடமில்லை. அழகுக்காக அதைப் பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் தொடு பொத்தானில் மேடுபள்ளம் கிடையாது, பார்க்காமல் இயக்குவது கடினம்.

எந்த நிறுவனத்து ஸ்லைடரானாலும் என் மேசைக்கு வந்தது பெரும்பாலும் ஃப்ளெக்ஸ் கேபிளால்தான். இரு பாதிகளையும் இணைக்கும் அந்த மெல்லிய நாடா, திறக்கும்போதெல்லாம் வளையும். உள்ளிருக்கும் செம்புக் கோடு ஒருநாள் விரிசல் விட்டதும் திரை வெளுத்துவிடும். போன் நன்றாக இருக்கும், கேபிள் கிடைக்காது.

மடக்கும் போன் விற்பவர்கள், திரைக்கும் கீலுக்கும் எத்தனை ஆண்டு உதிரிபாகம் தருவார்கள் என்பதை விளம்பரத்திலேயே அச்சிட வேண்டும். விலையை அச்சிடும் அதே அளவு எழுத்தில்.

- செல்போன் பழுதுபார்ப்பவர், திண்டுக்கல்