மவுஸுக்கு முன் கத்தரிக்கோல்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை விடுமுறை வந்தால் 'சிறுவர்களுக்கு கிராபிக் டிசைன், பத்தே நாளில்' என்ற பேனர்கள் தெருவுக்குத் தெரு தொங்குகின்றன. உள்ளே நடப்பது பெரும்பாலும் மென்பொருள் பாடம்தான். எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன வரும் என்பதோடு வகுப்பு முடிந்துவிடுகிறது. விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பிலும் பல இடங்களில் முதல் பருவம் இப்படித்தான் போகிறது. கண்ணைப் பழக்கும் பயிற்சி இல்லை. தமிழ் எழுத்து பாடமாகவே வருவதில்லை. இந்த இரண்டும் மாற வேண்டும்.

எட்டாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கணினியே வேண்டாம். கறுப்புக் காகிதத்தில் 4 செ.மீ. சதுரங்கள் ஆறு, 20 செ.மீ. வெள்ளைத் தாள் ஒன்று போதும். 'கூட்டம்', 'தனிமை', 'விழுதல்' என்று ஒரு சொல்லைச் சொல்லி, சதுரங்களை நகர்த்தி மட்டுமே அதைக் காட்டச் சொல்லுங்கள். முதல் 15 நிமிடம் பசை கையில் இருக்கக் கூடாது. இருந்தால் பிள்ளை முதலில் வைத்த இடத்திலேயே ஒட்டிவிடும். நகர்த்திப் பார்க்கிற பயிற்சி அதோடு போய்விடும். வண்ணக் காகிதமும் கூடாது. சதுரத்துக்குக் கண், மூக்கு முளைத்துப் பொம்மையாகிவிடும். ஆசிரியர் "அழகா இருக்கு" என்று பாராட்டிவிட்டு நகராமல், பக்கத்துப் பிள்ளையை அழைத்து "இது எந்தச் சொல்?" என்று கேட்க வேண்டும். சரியாகச் சொல்லிவிட்டால் வேலை பலித்தது.

அடுத்த பயிற்சிக்குப் பழைய செய்தித்தாள் போதும். தலைப்புகளிலும் விளம்பரங்களிலும் இருந்து பத்து 'அ' வெட்டி, மெலிந்ததிலிருந்து தடித்தது வரை வரிசையாக ஒட்டட்டும். ஒரே எழுத்துக்கு இத்தனை முகமா என்பதை அந்த வரிசையே காட்டிவிடும். பிறகு காகிதத்தில் 'ப' வெட்டச் சொல்லலாம். மூன்று கோடுதான், ஆனால் நடுவில் இருக்கும் வெற்றிடத்துக்கும் அளவு உண்டு என்பது கத்தரிக்கும்போதுதான் கைக்குத் தெரியும். 'ப' வந்தபின் 'ம', கடைசியில் 'ழ'.

கல்லூரி மாணவர்களுக்கும் முதல் இரண்டு வாரம் பென்சில்தான். ஒரு போஸ்டருக்குக் கையகலத்தில் இருபது சின்ன வரைவுகள் வேண்டும். முதல் ஐந்தில் எல்லோருக்கும் தோன்றுவதுதான் வரும். பத்தைத் தாண்டிய பிறகே சொந்த யோசனை எட்டிப் பார்க்கும். அதன்பின் கணினிக்குப் போகலாம். அங்கேதான் தமிழ் அடிவாங்குகிறது.

எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடில் 'தேன்' என்று அடித்தால் த முதலிலும் இரட்டைக் கொம்பு அதற்கு அடுத்தும் பதிவாகும். கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. அந்த வசதி இயங்காவிட்டால் கொம்பு பின்னாலேயே நின்று ன-வோடு ஒட்டிக்கொள்ளும். மாணவர் உடனே கொம்பை முதலில் அடித்து, த-வைப் பின்னால் போட்டு ஒப்பேற்றிவிடுகிறார். அச்சில் சரியாகத் தெரியும். அதே வரியை இணையதளத்தில் ஒட்டினால் சிதறும், தேடினாலும் கிடைக்காது. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் பாராகிராப் பேனலின் மெனுவில் 'வேர்ல்டு ரெடி கம்போஸர்' என்பதைத் தேர்ந்தால் தீர்ந்தது. போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் மாற்ற வேண்டும். இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் இலவசம், அதில் இந்தத் தொல்லையே இல்லை. யூனிகோடை ஏற்று தமிழக அரசு ஆணையிட்டது 2010இல். இன்னும் பழைய குறியாக்க எழுத்துருக்களிலேயே வகுப்பு நடத்துவது மாணவர்களுக்குச் செய்யும் அநியாயம். முக்த மலர், கேட்டமரான், நோட்டோ என்று இலவச யூனிகோடு எழுத்துருக்கள் எத்தனையோ இருக்கின்றன.

ஆங்கிலப் பாடநூல் விதிகளை அப்படியே தமிழுக்குப் போடுவது அடுத்த கோளாறு. தலைப்பில் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டினால் ஆங்கிலத்தில் எடுப்பாக இருக்கும். தமிழில் துணைக்கால் கழன்றுபோய், 'கா' என்பது 'கர' போலத் தெரியும். மென்பொருளில் வரி இடைவெளி தானாக எழுத்தின் அளவில் 120 சதவீதத்தில் நிற்கும். நமக்கு மேலே 'கீ', கீழே 'கூ' இருப்பதால் 140 சதவீதமாவது வைக்காவிட்டால் வரிகள் ஒன்றையொன்று இடிக்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடும் நமக்குக் கிடையாது. அழுத்தம் காட்டத் தடிமன், அளவு, நிறம் இவைதான் கருவி. வரியில் சொல்லை உடைக்க நேர்ந்தால் அடுத்த வரி புள்ளி எழுத்தில் தொடங்கக் கூடாது. இடம் போதவில்லை என்று எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்குவது எல்லாவற்றிலும் மோசம். நிற்கும் கோடு மெலிந்து, படுக்கும் கோடு அப்படியே தடித்து நிற்கும்.

அச்சுக்கு அனுப்புகிற பாடமும் முதல் ஆண்டிலேயே வேண்டும். திரைக்கான ஆர்ஜிபி நிறமுறையில் உள்ள கறுப்பை, அச்சுக்கான நான்கு மை முறையான சிஎம்ஒய்கேவுக்கு வழக்கமான அமைப்பில் மாற்றினால் சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று நான்கும் சேர்ந்து 300 சதவீத மை ஆகிவிடும். செய்தித்தாள் காகிதம் 240-க்கு மேல் தாங்காது. மைக்கு ஒன்றாக உள்ள நான்கு அச்சுத் தகடுகளில் (பிளேட்) ஒன்று மயிரிழை விலகினாலும் சின்ன எழுத்தின் ஓரத்தில் வண்ண நிழல் விழும். வாசக எழுத்துக்குக் கறுப்பு மட்டும் 100, மற்ற மூன்றும் பூஜ்ஜியம். வெட்டும் கோட்டைத் தாண்டியும் நிறம் நீளும்படி சுற்றிலும் 3 மி.மீ. ப்ளீட் விடாவிட்டால் வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும்.

தேர்வுக்கு சினிமா போஸ்டர் கேட்பதை விட்டுவிட்டு, வயிற்றுப்போக்குக்கு வீட்டிலேயே தயாரிக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலின் செய்முறையை ஏ3 தாளில் கேளுங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீர் 1 லிட்டர், தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. இந்த மூன்று அளவும் மூன்று மீட்டர் தூரத்திலிருந்து குழப்பமில்லாமல் படிக்கக் கிடைக்க வேண்டும். வகுப்புக்கு வெளியே இருக்கும் ஒருவரை நிறுத்தி "உப்பு எவ்வளவு?" என்று கேட்டால் போதும். அவர் தேடித் தடுமாறினால், அல்லது சர்க்கரைக்கான ஆறை உப்புக்குச் சொல்லிவிட்டால், மாணவர் மறுபடி செய்ய வேண்டும். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து என்பதால் இதில் சலுகை மதிப்பெண் தரவே கூடாது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அச்சகத்தில் காகிதச் சுருள் (ரீல்) முடியும்போது மிஞ்சும் காகிதத்தையும், நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் ரிஜிஸ்டர் விலகியதால் கழித்துப்போட்ட தாள்களையும் அருகில் உள்ள பள்ளி, கல்லூரிகளுக்குக் கொடுத்து உதவுங்கள். மிச்சக் காகிதம் பிள்ளைகளுக்கு வெட்டி ஒட்ட ஆகும். கழித்த தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், நான்கு நிறப் புள்ளிகளும் எங்கே விலகின என்று கல்லூரி மாணவர்கள் கண்ணாலேயே காண்பார்கள்.

இங்ஙனம்,
வரைகலை ஆசிரியர்,
கோயம்புத்தூர்.