ஐந்து அலகுக் குளியல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன்னர் தங்கள் ஞாயிறு இதழின் குடும்பப் பக்கத்தில், வீட்டில் வெப்பமூட்டலுக்கும் சுடுநீருக்கும் ஆகும் செலவைக் குறைக்கும் வழிகளைப் பற்றிய கட்டுரை ஒன்று வெளியானது. அதன் நான்காவது பத்தியில், "குளியலறை ஹீற்றரில் ஒருவர் ஒருமுறை குளிக்க 5 அலகு மின்சாரம் செலவாகிறது" என்று ஒரு வசனம் இருந்தது. அச்சான மறுநாளே தாங்கள் அதை மறந்திருக்கலாம். வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் உரிமையாளரோ அந்த வசனத்தைக் கத்தரித்து, சிவப்புப் பேனையால் அடிக்கோடிட்டு, மாடிப்படியில் மின்மானிப் பெட்டிக்கு அருகே ஒட்டியிருக்கிறார். அதை ஆதாரமாகக் காட்டி, இந்த மாதத்திலிருந்து மேல்வீட்டுக் குடும்பங்கள் இரண்டும் "சுடுநீர்ப் பங்கு" என்று தலா 1,500 ரூபாய் கூடுதலாகச் செலுத்த வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். பத்திரிகையில் வந்துவிட்டதாம், பிறகென்ன பேச்சாம்.

ஐயா, எங்கள் குளியலறையில் உள்ள ஹீற்றர் 3.5 கிலோவாற்று வலு உடையது. அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஓர் அலகு என்பது ஒரு கிலோவாற்றுக் கருவி ஒரு மணித்தியாலம் இயங்கினால் செலவாகும் மின்சாரம் என்பதைத் தங்களுக்குச் சொல்லித் தரும் தகுதி எனக்கில்லை. அந்தக் கணக்கில் பத்து நிமிடக் குளியலுக்கு ஏறத்தாழ 0.6 அலகு செலவாகும். 5 அலகை எரிப்பதென்றால் 78 வயதான என் தாயார் ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம் குழாயின் கீழ் நிற்க வேண்டும். வாத நோய் கண்ட முழங்கால்களோடு அவர் ஐந்து நிமிடம் நிற்பதே பெரும் பாடு. கட்டுரையாளர் 5 கிலோவாற்று ஹீற்றர் ஒன்றைப் பற்றி எங்கோ வாசித்துவிட்டு, கிலோவாற்றையும் அலகையும் ஒன்றாக எண்ணிக்கொண்டார் என்றே நினைக்கிறேன். மணித்தியாலம் என்ற ஒரு சொல் விடுபட்டதற்கு நாங்கள் மாதம் 1,500 ரூபாய் கட்டுகிறோம்.

ஹீற்றரின் கணக்கை நம்ப மறுத்த உரிமையாளருக்கு வாளிக் கணக்கையும் சொல்லிப் பார்த்தேன். கொழும்பில் குழாய் நீர் 28 பாகை செல்சியஸ் அளவில் வருகிறது. அதில் பதினைந்து லீற்றரோடு கேத்தலில் கொதிக்கவைத்த மூன்று லீற்றரைக் கலந்தால் 40 பாகை, அதாவது ஒரு முதியவர் சுகமாகக் குளிக்கும் சூடு, கிடைக்கிறது. அதற்குச் செலவாவது கால் அலகும் சொற்பமும்தான். தாள் ஒன்றில் எழுதியும் காட்டினேன். அவர் தாளைப் பார்க்காமல் சுவரைக் காட்டினார்.

உண்மையில் மின்கட்டணப் பட்டியலை ஏற்றுவது எது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. 2022 ஓகஸ்டில் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் கட்டணம் ஏறியதைத் தங்கள் பத்திரிகைதான் முதற்பக்கத்தில் போட்டது. அதன் பின் சில தடவை குறைந்ததையும், 2025 ஜூனில் மறுபடி 15 சதவீதம் ஏறியதையும் போட்டது. மாதம் 60 அலகைத் தாண்டாத வீட்டுக்கு ஒரு விதம், தாண்டிய வீட்டுக்கு முதல் அலகிலிருந்தே வேறு விதம், 180 ஐத் தாண்டினால் உச்சப் படி என்ற முறையையும் தாங்கள் அறிவீர்கள். மூன்று குடும்பங்களுக்கு ஒரே மானி இருக்கும் எங்கள் வீடு ஒவ்வொரு மாதமும் அந்த உச்சப் படியில்தான் போய் நிற்கிறது. தனித்தனியாக மானி இருந்தால் என் தாயாரும் நானும் 60 க்குள் அடங்கிவிடுவோம். கீழ்வீட்டில் இரவு முழுவதும் ஓடும் குளிரூட்டியைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை. அது உரிமையாளரின் படுக்கையறையில் இருக்கிறது.

கட்டுரையின் மற்றைய அறிவுரைகளையும் படித்தேன். மாலையில் திரைச்சீலைகளை இழுத்து மூடினால் அறையின் வெப்பம் வெளியே போகாமல் தங்கும் என்று அதில் இருக்கிறது. ஏப்ரல் மாத இரவில் அந்த வெப்பம் எப்படியாவது வெளியே போகாதா என்று சன்னல்களையெல்லாம் திறந்துவைத்துக் கிடப்பவர்கள் நாங்கள். இரவில் மின்சாரம் மலிவு, அப்போது நீரைச் சூடாக்குங்கள் என்றும் இருக்கிறது. எங்களுடையதைப் போன்ற சாதாரண வீட்டு மானிக்கு இரவும் பகலும் அலகு ஒரே விலைதான். குளிர்நாட்டு வீட்டுக்காரருக்கு எழுதிய கட்டுரையைத் தமிழாக்கிக் கொழும்பின் காலி வீதிக்காரருக்குக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். வெப்பமூட்டலைப் பற்றி எழுதத்தான் வேண்டுமென்றால், தைமாத விடியலில் விறகை ஊதி ஊதி நீர் காய்ச்சும் நுவரெலியாவின் தேயிலைத் தோட்ட லயன் வீடுகளுக்குத் தங்கள் கட்டுரையாளர் ஒரு தடவை போய்வந்திருக்கலாம்.

எங்களுக்கு உதவக்கூடியது ஒன்றுமே இல்லாமலில்லை. மொட்டைமாடியில் உள்ள கறுப்புத் தண்ணீர்த் தாங்கி நாள் முழுவதும் வெயிலில் கிடந்து, மாலை நான்கு மணிக்கு அதன் நீர் தானாகவே வெதுவெதுப்பாக இறங்குகிறது. என் தாயாரின் குளியலை விடிகாலையிலிருந்து அந்த நேரத்துக்கு மாற்றியதோடு, மழையில்லாத நாட்களில் ஹீற்றரைப் போடுவதையே நிறுத்திவிட்டோம். விடியலில் குளித்துச் சாமி விளக்கேற்றிப் பழகியவரை இதற்குச் சம்மதிக்க வைக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. எங்கள் சுடுநீர்ச் செலவு பெருமளவு குறைந்ததும் இந்த மாற்றத்தால்தான். ஆனால் இதைச் சுவரில் ஒட்ட முடியாது. எந்தப் பத்திரிகையிலும் வரவில்லையே.

இதைப் போன்ற ஒன்றுக்காக முன்னரும் தங்களுக்கு எழுதியிருக்கிறேன். 2022 இல் சமையல் எரிவாயுவுக்காக வீதியோரங்களில் வெற்றுச் சிலிண்டர்களை வரிசையாக அடுக்கிவைத்துக் காத்திருந்த நாட்களில், முற்றத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டுமாறு இதே பக்கம் அறிவுறுத்தியது. தொடர்மாடியில் மூன்றாம் மாடியில் இருப்பவருக்கு முற்றம் எங்கே இருக்கிறது என்று கேட்டு ஒரு கடிதம் அனுப்பினேன். அதைத் தாங்கள் பிரசுரித்தீர்கள், மறுப்பதற்கில்லை. "தங்கள் குடும்பப் பக்கத்தை ஒவ்வொரு வாரமும் தவறாமல் வாசிக்கிறேன்" என்ற முதல் வசனத்தை மட்டும் பிரசுரித்தீர்கள்.

இம்முறை முழுக் கடிதத்தையும் வெளியிடுமாறு கேட்கவில்லை. 3.5 கிலோவாற்று ஹீற்றரில் பத்து நிமிடம் குளிக்க ஆவது 5 அலகு அன்று, ஏறத்தாழ 0.6 அலகு என்ற திருத்தத்தை மட்டும் வரும் ஞாயிறு வெளியிடுங்கள். அதைக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் வெளியிட்டால் உதவியாக இருக்கும். வெட்டி எடுக்கும்போது பின்புறத்தில் யாருடைய மரண அறிவித்தலும் இரண்டாகாதபடி பார்த்துக்கொண்டால் இன்னும் நன்று. பசை ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டகால வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06