கொசாக் படையின் குதிரைக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், நிலத்துக்கு ஈடாகப் படைச்சேவை செய்த ரஷ்யக் குடியானவச் சமூகமான கொசாக்குகளின் குதிரைப்படையைக் கட்டுக்கடங்காத கூட்டம் என்று எழுதியிருந்தார்கள். ராணுவத்தில் ஸ்டோர் சாவியும் பேரேடுமாகக் காலம் தள்ளியவன் நான், படித்ததும் சுருக்கென்றது. ரஷ்யாவை ஜார் மன்னர்கள் ஆண்ட காலத்தில் அந்தப் படை எவ்வளவு கணக்காக நடந்தது தெரியுமா?

தென் ரஷ்யாவின் டான் நதிக் கொசாக்குகளுக்கு 1875இல் வந்த சட்டப்படி, 18 வயதில் தொடங்கி 20 ஆண்டு சேவை. முதல் 3 ஆண்டு ஊரிலேயே பயிற்சி. அடுத்த 12 ஆண்டை நான்கு நான்காகப் பிரித்து மூன்று வரிசையாக்கினார்கள். முதல் வரிசைக்காரர் ரெஜிமெண்டில் இருப்பார். இரண்டாம் வரிசைக்காரர் வீட்டில் இருக்கலாம். ஆனால் குதிரை தயாராக நிற்க வேண்டும். மூன்றாம் வரிசைக்கு உடுப்பும் ஆயுதமும் இருந்தால் போதும், அழைப்பு வந்த பிறகு குதிரை வாங்கிக்கொள்ளலாம். கடைசி 5 ஆண்டு ரிசர்வ்.

ரெஜிமெண்டுக்கு வழக்கமாக ஆறு சோத்னியா. சோத்னியா என்பது நூற்றுச் சொச்சம் குதிரைவீரர்கள், ஏறக்குறைய நம் கம்பெனி அளவு. தலைவரான அத்தமானை வீரர்களே கூடித் தேர்ந்தெடுப்பார்கள் என்கிறது கட்டுரை. அது இன்றைய உக்ரைன் பகுதியில் இருந்த சபரோழியக் கொசாக்குகளின் பழைய வழக்கம். அவர்களின் கோட்டையே 1775இல் அழிக்கப்பட்டுவிட்டது. 1827 முதல் எல்லாக் கொசாக் படைகளுக்கும் அத்தமான் பட்டத்து இளவரசர்தான். ஊர்த் தலைவரைத் தேர்ந்தெடுப்பதோடு ஊராரின் உரிமை நின்றுவிட்டது.

கட்டுரை தொடாமலே விட்டது செலவை. குதிரை, சேணம், உடுப்பு, வாள் எல்லாம் வீட்டுக் காசு. எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி ஊட்டி ஏரிக்கரையில் சவாரிக்குக் குதிரை விடுகிறவர். கொள்ளு, தவிடு, லாடம், மழைக்காலத்தில் குளம்பு அழுகினால் மருந்து என்று அவர் விரல் மடக்கத் தொடங்கினால் சீசன் வருமானம் பாதி அதிலேயே போய்விடும். கொசாக் வீடு ஒன்றில் மூன்று ஆண் பிள்ளைகள் என்றால் மூன்று குதிரை! பதிலுக்கு ஆண் ஒருவருக்கு 30 தெசியாத்தினா (பழைய ரஷ்ய நில அளவை) நிலம் என்று 1835ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. நம் கணக்கில் 80 ஏக்கர். குடும்பங்கள் பெருகப் பெருகப் பங்கு சுருங்கியது. சேணத்தின் விலை சுருங்கவில்லை. நம் நாட்டிலும் சில்லதார் குதிரைப்படைகளில் சிப்பாய் சொந்தக் குதிரையோடு வந்து சேர்ந்த காலம் உண்டு. அதையும் முதல் உலகப் போருக்குப் பிறகு கைவிட்டார்கள்.

அடுத்த முறை வாள்வீச்சை ஒரு பத்தியில் முடித்துக்கொண்டு, இந்தக் குடும்பங்கள் பட்ட கடனைப் பற்றி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஹவில்தார்,
வெலிங்டன், நீலகிரி.