கன்டெய்னர் நெட்வொர்க்கை லேபில் கையால் அடித்துப் பழக்குங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளின் கணினித் துறை ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நானும் தருமபுரிக்காரன்தான், இப்போது ஓசூரில் வேலை. படிப்பு முடித்து வரும் நம் பகுதிப் பிள்ளைகளுக்குச் சர்வர் வேலை பழக்குவதும் என் பொறுப்பு. அவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு குறையைப் பற்றித்தான் இந்த மடல்.

சப்நெட் கணக்கைத் தாளில் தப்பில்லாமல் போடுகிறார்கள். ஓஎஸ்ஐ ஏழு அடுக்கும் தலைகீழ்ப் பாடம். டாக்கர் என்பது ஒவ்வொரு நிரலையும் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓடவிடும் மென்பொருள். ஆனால் ஒரே மெஷினில் ஓடும் இரண்டு டாக்கர் கன்டெய்னர்கள் பெயரை வைத்து ஒன்றையொன்று ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்டால் திகைக்கிறார்கள். எங்கிருந்தோ எடுத்த கம்போஸ் ஃபைலை (எந்தக் கன்டெய்னர்களை எப்படி ஓடவிடுவது என்று எழுதிய கோப்பை) ஒட்டி ஓட்டுகிறார்கள். ஓடாவிட்டால் எங்கே பார்ப்பது என்று தெரிவதில்லை. டெர்மினலில் கையால் அடித்துப் பார்க்க யாரும் வாய்ப்புக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரே ஒரு லேப் வகுப்பை இதற்கு ஒதுக்குங்கள். நெட்வொர்க் எதையும் குறிப்பிடாமல் ஆல்பைன் என்ற மிகச் சிறிய லினக்ஸ் கொண்ட இரண்டு கன்டெய்னர்களை ஓடவிடச் சொல்லுங்கள். இரண்டும் டாக்கரின் வழக்கமான பிரிட்ஜில், அதாவது மென்பொருளாலான ஸ்விட்சில் போய்ச் சேரும், பெரும்பாலும் 172.17 என்று தொடங்கும் முகவரி கிடைக்கும். முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகும், பெயருக்குப் போகாது. அப்புறம் 'டாக்கர் நெட்வொர்க் கிரியேட்' அடித்துப் புது நெட்வொர்க் ஒன்றை உருவாக்கட்டும். அடுத்து 'டாக்கர் நெட்வொர்க் கனெக்ட்' அடித்து, முதலில் நெட்வொர்க் பெயர், பிறகு கன்டெய்னர் பெயர் என்று கொடுத்து இரண்டையும் அதில் இணைக்கட்டும். ஓடுகிற கன்டெய்னரை நிறுத்தவே வேண்டாம். உள்ளே இன்னொரு இன்டர்ஃபேஸ் (நெட்வொர்க் இணைப்பு முனை) உடனே முளைத்திருக்கும். இப்போது பெயருக்கும் பிங் போகும். நாமாக உருவாக்கும் நெட்வொர்க்கில் டாக்கர் 127.0.0.11 என்ற முகவரியில் பெயரை முகவரியாக மாற்றித் தரும் தன் டிஎன்எஸ்ஸைத் தருகிறது. வழக்கமான பிரிட்ஜில் அந்த வசதி கிடையாது.

அவசரப்படாமல் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வெளியே, அதாவது ஹோஸ்ட் மெஷினில், 'ஐபி லிங்க்' அடித்தால் 'வெத்' என்று தொடங்கும் இன்டர்ஃபேஸ்கள் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முனை பிரிட்ஜில், மறுமுனை கன்டெய்னருக்குள். பாடத்தில் படமாகவே பார்த்த ஸ்விட்சும் கேபிளும் லினக்ஸ் கர்னலுக்குள் வேலை செய்வதை மாணவர்கள் தங்கள் கண்ணால் பார்ப்பார்கள்.

அடுத்தது பாதுகாப்பு. வெப், ஆப், டேட்டாபேஸ் என்று மூன்று கன்டெய்னர்கள், முன், பின் என்று இரண்டு நெட்வொர்க்குகள். வெப் முன்னதில், டேட்டாபேஸ் பின்னதில், ஆப் மட்டும் இரண்டிலும் இருக்கும். வெப்பிலிருந்து டேட்டாபேஸுக்கு நேர்வழி இருக்காது. பின் நெட்வொர்க்கை 'இன்டர்னல்' என்று உருவாக்கினால் அது வழியாக வெளி இணையத்துக்கும் போக முடியாது. இது தெரியாமல்தான் பலர் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் 3306 போர்ட்டை வெளியே திறந்துவிடுகிறார்கள். ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் ஆப்புக்கு அது தேவையே இல்லை. அதைவிட ஆபத்து, லினக்ஸில் டாக்கர் தானே ஐபிடேபிள்ஸ் என்ற பயர்வால் விதிகளை எழுதிக்கொள்வதால், அப்படித் திறந்த போர்ட், யூஎஃப்டபிள்யூ பயர்வாலில் மூடியதாக நாம் நினைத்தாலும், உண்மையில் திறந்தே கிடக்கும். வேலைக்கு வருமுன் ஒவ்வொரு மாணவரும் இதைச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஓவர்லே, மேக்விலான் போன்ற மற்ற நெட்வொர்க் வகைகளையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

லேப் மெஷின்கள் பழசு, நெட் மெதுவாக வரும் என்பீர்கள். கன்டெய்னருக்கு அச்சாக இருக்கும் ஆல்பைன் இமேஜ் பத்து எம்பிகூட இல்லை. ஒரு மெஷினில் இறக்கி, 'டாக்கர் சேவ்' மூலம் ஃபைலாக்கி, பென்டிரைவில் கொண்டுபோய் மற்றவற்றில் 'டாக்கர் லோட்' செய்தால் போதும். கல்லூரி நெட்வொர்க்கின் முகவரிகளோடு மோதாமலிருக்க, உருவாக்கும்போதே சப்நெட்டைக் குறிப்பிடுங்கள். டாக்கர் குழுவில் சேர்க்கப்படும் மாணவருக்கு மெஷினின் முழு உரிமையான ரூட் அதிகாரமே கிடைத்த மாதிரி; அதனால் பொதுச் சர்வரில் செய்ய வேண்டாம், தனி மெஷின் கொடுங்கள்.

பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் பஸ் பிடித்து வரும் பல பிள்ளைகளுக்கு உங்கள் லேப் கம்ப்யூட்டர்தான் ஒரே கம்ப்யூட்டர். அங்கே பழகாததை வீட்டில் பழக அவர்களுக்கு வழியில்லை. வரும் பருவத்து லேப் அட்டவணை போடும்போது இந்த ஒரு வகுப்பைச் சேர்த்துவிடுங்கள். சனிக்கிழமையாக இருந்தால் எந்தக் கல்லூரிக்கும் நானே வந்து மாணவர்களோடு உட்காரத் தயார்.

அன்புடன்,
ஓசூரில் வேலை பார்க்கும் ஒரு தருமபுரிக்காரன்