காலாண்டுத் தேர்வில் ‘ஏ.பி.’ வாங்கிய என் மகளுக்காக ஒரு திறந்த மடல்

எங்கள் மாவட்டக் கல்வி அதிகாரிகளுக்கு,

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டே பள்ளி அணியில் கால்பந்து ஆடும் ஒரு பெண்ணின் அம்மா எழுதுகிறேன். காலாண்டுத் தேர்வு நாளிலேயே வருவாய் மாவட்டப் போட்டியையும் வைத்த கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு அட்டவணையும் உங்கள் மேஜையிலிருந்து வந்தவைதான். முதல் நாள் ராத்திரி எட்டரை மணிக்குத்தான் பி.இ.டி. (உடற்கல்வி) சார் வாட்ஸப்பில் தகவல் போட்டார். விடிந்தால் வேதியியல் தேர்வு.

போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாவட்டத்துக்கு முந்தின படியான குறுவட்டப் போட்டியில் ஜெயித்து வந்த டீம். இவள் டிஃபென்ஸ். பள்ளியிலும் ‘ஆன் டியூட்டி’ என்று எழுதி, சீல் வைத்துத்தான் அனுப்பினார்கள். இருட்டிய பிறகு டாடா ஏஸில் திரும்பி வந்தார்கள். ஷின் கார்டைக்கூடக் கழற்றாமல், வண்டியின் பின்னால் உட்கார்ந்து செல்போன் டார்ச்சில் இடைநிலைத் தனிமங்கள் பாடத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஜெயித்துவிட்டோம் என்றுகூட முதலில் சொல்லவில்லை. “நாளைக்கே மறுதேர்வு வெச்சாலும் எழுதிடுவேம்மா” என்றாள். அந்தப் பக்கத்தில் மைதானத்துச் செம்மண், அவள் கட்டைவிரல் அளவுக்கு, இன்னும் ஒட்டியிருக்கிறது.

மறுதேர்வு வைக்கவேயில்லை. ரேங்க் கார்டில் வேதியியலுக்கு நேரே சிவப்பு மையில் ‘ஏ.பி.’, அதாவது ஆப்சென்ட், என்று போட்டுவிட்டார்கள்.

அதோடு விட்டிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். அந்த ஏ.பி.யைப் பூஜ்யமாகக் கணக்கிட்டு, சராசரி இறங்கிவிட்டது என்று அவளை ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் 500க்கு 478 வாங்கிய பிள்ளை. அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சிறப்பு வகுப்பு. பிராக்டிஸும் ஐந்து மணிக்குத்தான். மாவட்டத்துக்கு ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்தாள், பதிலுக்கு அவள் பந்தை வாங்கி வைத்துக்கொண்டீர்கள். பெற்றோர் கூட்டத்தில் ஒரு டீச்சர் “படிப்பா பந்தா, ஒண்ணு சொல்லுங்கம்மா” என்றார். இரண்டும் என்று சொன்னேன். சிரித்தார்கள்.

‘காலாண்டுதானே, என்ன குடி முழுகிப்போச்சு’ என்று உங்களுக்குத் தோன்றலாம். பொதுத்தேர்வில் வேதியியலுக்கு 70 எழுத்துத் தேர்வு, 20 செய்முறை, மிச்சம் 10 அகமதிப்பீடு. அந்தப் பத்தில் பள்ளித் தேர்வுக்கும் பங்கு உண்டு. அவளுக்குப் பொறியியல் படிக்க ஆசை. கட்‌ஆஃப் 200இல் வேதியியலுக்கு 50. அரை மார்க்கில் எத்தனை பேர் பின்னால் போவார்கள் என்று எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

நான் முக்கியமாகக் கேட்பது ஒன்று. நீங்கள் அனுப்பிப் போட்டிக்குப் போன பிள்ளைக்கு, விட்டுப்போன தேர்வை வேறொரு நாளில் வையுங்கள்.

அதே அரசுதான் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு என்று 500 இடம் ஒதுக்கியிருக்கிறது. அந்த வாசல்வரை போய்ச் சேர ஒரு பிள்ளைக்கு மைதானமும் வேண்டும், மார்க்கும் வேண்டும். 2018இல் மணிப்பூரையும் 2023இல் ஹரியானாவையும் இறுதி ஆட்டத்தில் தோற்கடித்து தேசியக் கோப்பை கொண்டுவந்தார்களே நம் மாநிலப் பெண்கள், அவர்களும் ஏதோ ஒரு பள்ளியில் ஏதோ ஒரு காலாண்டுத் தேர்வு எழுதியவர்கள்தானே. இங்கேயோ பி.இ.டி. பீரியட் என்றால் கணக்கு டீச்சர் சாக்பீஸோடு வந்து நிற்கிறார். மைதானத்தில் பெண் பிள்ளைகள் உடை மாற்ற நாலு பக்கம் மறைப்பு கிடையாது; இரண்டு பேர் துப்பட்டாவைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது பெண் ஜெர்ஸி மாற்றுகிறாள். ஆனால் ஜெயித்த மறுநாள் பள்ளி வாசலில் ஃபிளக்ஸ் மட்டும் தவறவில்லை. பெரியவர்கள் படம் ஆளுயரத்துக்கு. பிள்ளைகள் படம் ஸ்டாம்ப் அளவுக்கு, அதிலும் என் மகள் முகத்தின் மேல் கம்பி கட்டிய முடிச்சு.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். ஃபிளக்ஸ் எப்படியோ போகட்டும்.

இந்த மடலை இப்போது எழுதக் காரணம், டிசம்பரில் மாநிலப் போட்டி. தேதி வந்துவிட்டது. அரையாண்டு அட்டவணையோடு வைத்துப் பார்த்தேன். அன்றைக்கு இயற்பியல்.

தயவுசெய்து, போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கு மறுதேர்வு உண்டு, இன்ன தேதியில் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். அவளை மெல்லக் கற்போர் பட்டியலிலிருந்தும் எடுத்துவிடுங்கள். போட்டிக்கு முந்தின நாள் ராத்திரி எட்டரைக்கு வாட்ஸப்பில் அனுப்பினாலும் சரி, பிரிண்ட் எடுத்து அவள் கிட்பேக்கில் வைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா