கிட்டார் பாடத்தைப் பிள்ளைகளே கணினியில் எழுதட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாளையங்கோட்டையில் என் வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக் கொடுக்கிறேன். இணையத்தில் எல்லாப் பாட்டுக்கும் 'டேப்' கிடைக்கிறது, இறக்கிக்கொண்டால் போதும் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை.

டேப் என்பது கிட்டார் இசையை எழுதும் ஒரு முறை, ஆறு கோடு. ஒவ்வொரு கோடும் ஒரு கம்பி, அதன்மேல் உள்ள எண் ஃப்ரெட், அதாவது கிட்டார் கழுத்தில் விரல் வைக்க வேண்டிய கட்டம். 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் லூட் என்ற கம்பி வாத்தியத்தை வாசித்தவர்களே இந்த முறையில் எழுதினார்கள். கிட்டார் புரோ, டக்ஸ்கிட்டார் போன்ற மென்பொருள்களில் அதே கோடுகள் திரையில் வரும். அம்புக்குறி விசையால் கம்பிக்குப் போய் எண்ணைத் தட்டினால் நோட் பதிவாகும். அது எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்பதையும் நாம்தான் சொல்ல வேண்டும். பிள்ளை உண்மையில் படிப்பது அந்த இடத்தில்தான்.

எங்கள் ஆலயப் பாடல்களில் 6/8 தாளம் நிறைய. ஒரு பாருக்குள், அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்குள், ஆறு எண்ணிக்கை. மூன்று எண்ணிக்கை நிற்க வேண்டிய நோட்டுக்குப் பக்கத்தில் புள்ளி வைக்காமல் விட்டால் அது இரண்டாகிவிடும், பாரில் ஐந்துதான் இருக்கும். கிட்டார் புரோ அந்தப் பாரைச் சிவப்பில் காட்டிவிடும். கையால் வாசிக்கும்போது இந்தக் குறையைப் பிள்ளைகள் தங்களுக்கே தெரியாமல் இழுத்துச் சமாளிப்பார்கள். எழுதும்போது அது நடக்காது. பாட்டு தாளத்தில் தொடங்கும் இடமான எடுப்பும் அப்படித்தான். தாளம் விழுந்து அரை எண்ணிக்கை தள்ளித் தொடங்கும் பாட்டை, முன்னால் ஓய்வுக்குறி போடாமல் எழுதினால் பாட்டு முழுக்க இடம் மாறி நிற்கும். தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமோடு ஓடவிட்டதும் பிள்ளைக்கே முகம் மாறும். நான் எத்தனையோ வகுப்பில் சொல்லியும் ஏறாத எடுப்பு அன்றைக்கு ஏறிவிடும்.

அப்புறம் கம்பி விஷயம். முதல் கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் வரும் அதே 'ஈ', இரண்டாம் கம்பியில் 5ஆம் ஃப்ரெட்டிலும், மூன்றாவதில் 9இலும், நான்காவதில் 14இலும் இருக்கிறது. கணினி இசையைக் குறித்து வைக்கும் சாதாரண மிடி கோப்பில் அந்த நோட்டுக்கு 64 என்ற எண் மட்டும்தான். எந்தக் கம்பி என்ற தகவல் கிடையாது. அதிலிருந்து இயந்திரம் மாற்றிக் கொடுத்த டேப்கள் இணையத்தில் ஏராளம். முதல் ஃப்ரெட்டில் ஒரு விரலும் 12இல் இன்னொரு விரலும் ஒரே நேரத்தில் கேட்கும் டேப்களை மாணவர்கள் என்னிடம் கொண்டுவருகிறார்கள். கணினி அதைத் தடங்கலில்லாமல் வாசிக்கும். பத்து வயதுப் பிள்ளை முயன்று பார்த்துவிட்டுத் தனக்குக் கிட்டார் வராது என்று நினைத்துக்கொள்வதுதான் எனக்குத் தாங்க முடியாதது.

அதனால் என் வகுப்பில் ஒரே நிபந்தனை: மடியில் கிட்டார் இருக்க வேண்டும். ஒரு வரியை விரலால் வாசித்துப் பார்த்த பிறகே திரையில் ஏற்ற வேண்டும். "கம்ப்யூட்டரே கதின்னு கிடக்கிறான் சார்" என்று வருத்தப்படும் பெற்றோர், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு எட்டு பார் எழுதுவதைப் பார்க்க வேண்டுகிறேன். நம் இசையில் சுரத்தை அசைக்கும் கமகத்தை இதில் முழுதாகப் பிடிக்க முடியாது என்பதும் உண்மை. கம்பியைக் கால் சுரம் அளவுக்கு நுட்பமாக வளைப்பதைக்கூடக் குறிக்கலாம், தோடி ராகத்தின் காந்தார அசைவை அப்படி எழுதிவிட முடியாது. அதற்குக் குருவின் வாய்தான் வேண்டும்.

கிட்டார் புரோ காசு கொடுத்து வாங்க வேண்டியது. டக்ஸ்கிட்டார் இலவசம், விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும், பழைய கிட்டார் புரோ கோப்புகளையும் திறக்கும். அரசுப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் இருக்கின்றன, கலைத் திருவிழாவும் நடக்கிறது. அந்தக் கணினிகளில் டக்ஸ்கிட்டாரை நிறுவிக் கொடுக்கப் பள்ளிக் கல்வித்துறை முன்வர வேண்டும். உங்கள் ஞாயிறு இணைப்பிலும், ஒரு எளிய மெட்டை எடுத்துக்கொண்டு, முதல் நோட்டிலிருந்து அதை எப்படிப் பதிவது என்று படத்தோடு ஒரு பக்கம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கிட்டார் ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.